பரிசோதகரின் முகம்

ஜூன் 14, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. இந்த வருடத்திலிருந்து உளவியலைத் தமிழிலும் நடத்த வேண்டுமாம். முதல் தாள், உளவியலின் தோற்றமும் ஆய்வு முறைகளும். இத்தனை வருடம் ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். இனி யோசிக்க வேண்டும்.

அதற்காகத்தான் இந்த நாட்குறிப்பு. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் முதல் உளவியல் ஆய்வுக்கூடம் திறந்த காலத்தில், மனதை அளக்க அவர்களிடம் இருந்த பெரிய கருவி அகநோக்கு. தனக்குள் நடப்பதைத் தானே கவனித்துச் சொல்வது. அங்கே படித்துப் போனவர்கள் பிறகு அதை இன்னும் கறாராக்கினார்கள். பொருளின் பெயரைச் சொல்லவே கூடாது. மாம்பழத்தைக் காட்டியதும் மாம்பழம் என்றால் தப்பு. மஞ்சள், வழவழப்பு, நாக்கோரத்தில் நீர் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்குமுன் நானே பழகிப் பார்க்கிறேன்.

தொடக்கம். சாரல் விழுகிறது. (தப்பு. பெயர் சொல்லிவிட்டேன்.) பிடரியில் குளிர்ச்சி, விட்டு விட்டு. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். பக்கத்து அறையிலிருந்து ஓர் ஒலி, கனமான ஆண் குரல். மறுபடி அதே ஒலி. மறுபடியும். நெஞ்சின் இடது பக்கம் ஓர் இறுக்கம், கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

பெயர் சொல்லாமல் எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, வியாழன்

ஆய்வுக் குறிப்பென்றால் ஆளைப் பற்றி எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன்.

பெயர் குற்றாலலிங்கம். என் கணவர். தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்ப மரத்தடியில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர். பங்குனி மாதம் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது சாய்ந்தார். வலது கை, வலது கால், முகத்தில் வலது பாதி மூன்றும் வேலைநிறுத்தம். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. "மேற்படி."

பத்திரத்தில் வரிக்கு வரி வருமே, மேற்படி சொத்து, மேற்படி நபர், மேற்படி கிணற்றில் பாதி பாத்தியம் என்று, அந்த மேற்படி. பசித்தாலும் மேற்படி, காக்கை கத்தினாலும் மேற்படி. பிரான்ஸில் நூறு வருடங்களுக்கு முன்னால் இப்படி ஓர் அசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் இருந்தார். அவரைக் கவனித்த வைத்தியரால்தான் பேச்சு மூளையில் எங்கே குடியிருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. தனிநபர் ஆய்வு என்ற முறைக்கு நான் வருடா வருடம் சொல்லும் உதாரணம் அவர். இந்த வருடமும் அவரைத்தான் சொல்லப் போகிறேன், வேறு யாரையும் சொல்ல உத்தேசமில்லை.

வீட்டில் பேசுவது எப்போதும் அவர் இலாகா. ஊரில் யார் வரப்பை யார் நகர்த்தினார்கள் என்பது வரை சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன். பாதி காதில் விழாது.

அரிசியில் வண்டு. வெயில் வந்தால் காய வைக்க வேண்டும். வெயில் வருகிற அறிகுறி இல்லை.

ஜூன் 22, செவ்வாய்

மதினி வந்துவிட்டார். செண்பகவடிவு மதினி, என் கணவரின் அக்கா, ஆழ்வார்குறிச்சிக்காரர். நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார். வந்த அன்றே வீட்டில் சத்தம் திரும்பிவிட்டது. மதினி கிரைண்டரோடும் பேசுகிறவர்.

அவர் மேற்படி என்றால் மதினிக்கு உடனே புரிந்துவிடுகிறது. தாகமாம். கால் மரத்திருக்கிறதாம். அந்தக் கடலைத்தோல் நிறச் சட்டை வேண்டாமாம். தண்ணீரைக் கொடுத்தால் அவர் குடிக்கிறார். மதினி என்னைத் திரும்பிப் பார்க்கிறார், பார்த்தாயா என்று. கொடுத்தால் யாரும் குடிப்பார்கள், இது சான்று ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. ஆஸ்பத்திரியில் வைத்தியர் சொன்னது, நோயாளி முன்னால் அழுதுவைக்காதீர்கள். எனக்கு அது பெரிய வேலையே இல்லை. பரிசோதகரின் முகத்திலிருந்து எந்தக் குறிப்பும் கசியக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. படித்த காலத்தில் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறோம். புருவம் நேர்கோடு, உதடு நேர்கோடு. பங்குனியிலிருந்து அந்த முகத்தை ஒரு நாளும் கழற்றியதில்லை.

கவனித்தது: மதினியைக் கண்டால் இடது உதடு மேலே போகிறது. நான் உள்ளே போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். காரணம் தெரியவில்லை.

ஜூன் 23, புதன்

நெஞ்சின் இடது பக்க இறுக்கம். நேற்றைவிட நீளம்.

ஜூலை 2, வெள்ளி

வகுப்பில் இன்று நினைவாற்றல். ஜெர்மனியில் ஒருவர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தனியாக உட்கார்ந்து அளந்தவர். பொருளுள்ள சொல்லாக இருந்தால் ஞாபகம் எதையாவது பிடித்துத் தொங்கிக்கொள்ளும், அதனால்தான் பொருளில்லாத அசை. நாமும் செய்வோம் என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன்.

'கூ' என்று எழுதினேன். குயில் மேடம் என்றார்கள். 'சோ'. மழை மேடம், சோன்னு பெய்யும். 'தை', 'வை', 'பே' எதுவும் தேறவில்லை. ஒரு கெட்டிக்காரத்தனம் செய்வோமென்று 'ஙே' என்று போட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து, "ஙேன்னு முழிக்கிறது, மேடம்" என்று பதில் வந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் போலிருக்கிறது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

மணி அடிக்கும்வரை முயன்றும் தமிழில் பொருளில்லாத ஓர் அசை கிடைக்கவில்லை. எதை எழுதினாலும் யாராவது ஒருத்தி ஊரில் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. மதினியை நான் ரொம்பவும் குறை சொல்லக் கூடாது என்று தோன்றியது. எங்களுக்கெல்லாம் இது வியாதி.

வீட்டுக்கு வந்தேன். அந்தச் சிரிப்பு வாசல் வரை முகத்தில் இருந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றும்போது துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஜூலை 9, வெள்ளி

கனவை எழுதிவைப்பதும் ஒரு முறைதான். பிற்பகல் தூக்கம், துணி காயவைக்கும் கரியடுப்பின் வாடை அறை முழுக்க.

கனவில் லைப்ஸிக். நான் பார்த்திராத ஊர், ஆனாலும் அது லைப்ஸிக்தான். நீளமான அறையில் பித்தளைக் கருவிகள், ஊசலாடும் குண்டுகள். அவை அசைகிற சத்தமே இல்லை. கோடியில் வேப்ப மரமும் அதனடியில் அவருடைய மேசையும். சாரலுக்குப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார். கிழக்கே காயாத சேலை, மேற்கே மலை, தெற்கே நான், வடக்கே என்று எழுதப் போய்ப் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார். வடக்கு எல்கையைச் சொல், அப்போதுதான் பத்திரம் செல்லும் என்கிறார். சுத்தமான பேச்சு, பழைய குரல். எனக்குப் பதில் தெரியும். வாயைத் திறந்தால் முகம் கலைந்துவிடும் என்று பேசாமல் நிற்கிறேன். சாரல் மேசைமேல் விழுந்து மை பரவுகிறது.

விழித்தபோது தலையணை ஈரம். கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஜூலை 18, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. காலையில் இட்லி ஊற்றும்போது மதினி பேச்சை எடுத்தார். தம்பியைத் தன்னோடு ஆழ்வார்குறிச்சிக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறாராம். ஆடியில் ஆளை இடம் மாற்றக் கூடாது. ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் வண்டி சொல்லியிருக்கிறதாம். நான் ஒருத்தியாகக் கல்லூரியையும் அவரையும் எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தப்பா நெனைக்காத, உலகு. அவனுக்கு ஒன்ன யாருன்னு தெரியல. என்னயக் கண்டா சிரிக்கான். ஒன்னயக் கண்டா செவரப் பாக்கான். தெரியாத ஆளுகிட்ட எதுக்கு அவன விட்டுட்டுப் போணும்?"

கரண்டியை எங்கே வைத்தேன் என்று அப்புறம் தேடவேண்டியிருந்தது.

அவருக்கு யார் பேசினாலும் புரியவில்லை, உங்கள் பேச்சும் சேர்த்துத்தான் என்றேன். பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியும் போயிருக்கிறது, வைத்தியர் எழுதியே கொடுத்திருக்கிறார். மதினி நம்பவில்லை. சாவியை எடு என்றால் சாவியை எடுக்கிறானே, சீப்பை எடு என்றால் சீப்பை எடுக்கிறானே என்றார். எடுக்கத்தான் செய்கிறார். நானும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சோதித்துப் பார்ப்போம் என்றேன். மதினி சரி என்றார்.

அவர் ஆழ்வார்குறிச்சிக்குப் போவது எல்லா வகையிலும் வசதி. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், ஆற்றுக் காற்று இருக்கிறது. எனக்கும் விடைத்தாள் திருத்த நேரம் கிடைக்கும். சோதனையை உண்மை தெரிவதற்காகத்தான் செய்கிறேன்.

ஜூலை 24, சனி

சோதனை முடிந்தது.

தட்டில் சாவி, சீப்பு, அவருடைய மூக்குக் கண்ணாடி. முதலில் மதினி அவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார். சாவி என்றதும் சாவி. கண்ணாடி என்றதும் கண்ணாடி. ஒன்றும் தப்பவில்லை. மதினியின் முகம் மலர்ந்துபோயிற்று.

அடுத்து மதினியை வாசல் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அதே குரல், அதே தட்டு, அதே சொற்கள். நான் அறை மூலையில், பரிசோதகர் முகத்தோடு. மதினி சாவி என்றார். அவர் தட்டைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். குரல் வந்த இடத்தில் ஆளைத் தேடினார். மறுபடி மதினி, "சாவி, ராசா, சாவிய எடு" என்றார். அவர் கை தட்டுக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்றது. சீப்பைத் தொட்டது, விட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். பங்குனிக்குப் பிறகு அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது இன்றுதான். நான் அசையவில்லை. "மேற்படி" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எத்தனை முறை கேட்டும் அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் மதினியின் குரல் உடைந்துபோனது.

என் கருத்து சரி. முறையும் சரி.

ஜூலை 25, ஞாயிறு

மதினி இன்று அவரோடு பேசவில்லை. பேசாமலே ஊட்டிவிட்டு, பேசாமலே துடைத்துவிட்டார். வீட்டில் சாரல் சத்தம் மட்டும்.

மத்தியானம் அடுப்படியில் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, புரிந்தாலும் புரியாவிட்டாலும் என் தம்பி என்றார். ஆவணியில் கூட்டிப்போவதில் மாற்றமில்லை.

அப்படியென்றால் நேற்று நான் ஜெயித்தது எதை? ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தியிருக்கிறேன். அவ்வளவே.

ஜூலை 29, வியாழன்

கரியடுப்பின் மேல் கவிழ்த்த கூடையில் சேலைகள் கிடந்து புகை குடிக்கின்றன. மலை இன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 6, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

வகுப்பில் கணக்குப் போட்ட குதிரையை நடத்தினேன். ஆய்வு முறைகளில் அது எனக்குப் பிடித்த கதை. ஜெர்மனியில் ஒரு குதிரை. கூட்டல் கேட்டால் விடைக்குத் தக்கபடி குளம்பால் தரையைத் தட்டும். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது, அறிஞர்கள் வந்து பார்த்துத் திகைத்தார்கள். கடைசியில் ஓர் இளம் ஆய்வாளர் குதிரைக்குக் கேட்கிறவர் தெரியாதபடி மறைத்துவிட்டார். குதிரை தோற்றது. கேட்கிறவருக்கே விடை தெரியாதபடி செய்தார். அப்போதும் தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்கிறவர் தலை தன்னையறியாமல் துளி அசைகிறது, அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்துகிறது. ஆகவே பரிசோதகர் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். இதுதான் பாடம். வருடா வருடம் இதைச் சொல்லிவிட்டுக் குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆங்கிலத்தில் எனக்கு மனப்பாடமாக ஒரு வாக்கியம் உண்டு. இன்று அதைத் தமிழில் சொல்லப் போனேன். "ஆக, அந்தக் குதிரைக்கு ஒன்றுமே தெரியாது" என்று தொடங்கினேன். வாக்கியம் நகரவில்லை. தமிழில் சொல்லும்போது அது பொய்யாகக் கேட்டது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் மனிதர்களின் முகம் தெரியும். பக்கத்தில் நின்ற அறிஞர்கள் யார் கண்ணுக்கும் படாத துளி அசைவு அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆய்வுக்கூடம் முழுவதிலும் நன்றாகக் கவனிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை முட்டாள் என்று எழுதி மூடிவிட்டோம்.

பிள்ளைகள் பேனாவோடு காத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றேன்.

அவருக்குச் சொற்கள் போய்விட்டன. சாவி, சீப்பு, உலகு என்ற என் பெயர் எல்லாம் அவருக்கு இப்போது சோவென்ற மழைதான். மிச்சமிருப்பது முகம். மதினி சாவி என்று சொல்லி முடிக்குமுன் மதினியின் கண் சாவிக்குப் போயிருக்கும், அவர் அந்தக் கண்ணின் பின்னாலேயே போயிருப்பார். பேச்சில்லாமல் போன மனிதருக்கு மதினி நாள் முழுக்க முகத்தால் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் பதில் சொல்லியிருக்கிறார்.

நான் பங்குனியிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

அகநோக்கை நிறுத்துகிறேன். இடது பக்கம், இறுக்கம், நீளம் எல்லாம் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் போய்விடுவார், போன இடத்தில் சிரித்துக்கொண்டு இருப்பார், என்னை யாரென்று தெரியாமலேயே இருந்துவிடுவார் என்று பயம். அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைக் கழற்ற எனக்கு முடியாது. எனக்கு அவர் வேண்டும். மேற்படி என்று மட்டும் சொன்னாலும் இங்கே உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

எழுதிவிட்டேன். எழுதியதும் சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 11, புதன்

அவர் முன்னால் போய் உட்கார்ந்து சிரித்துப் பார்த்தேன். அவர் முதலில் என் வாயைப் பார்த்தார், பிறகு கண்ணைப் பார்த்தார், பிறகு கலவரத்தோடு சுவரைப் பார்த்தார். எழுந்துபோய்க் கண்ணாடியில் அதே சிரிப்பைச் சிரித்தேன். எனக்கே பிடிக்கவில்லை. கடன்காரனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. வாய் ஒன்று சொல்கிறது, மேல்பாதி அசையவே இல்லை.

பழகிப் பழகி இறுக்கிய முகம், வேண்டும்போது அவிழ மறுக்கிறது. குதிரையை ஏமாற்ற முடியாதது போலத்தான் இதுவும். உள்ளே இல்லாததை அவர் நம்பமாட்டார். உள்ளே இருக்கிறது, அத்தான், வெளியே வர வழி தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லை அவர் என்ன செய்வார்.

ஆகஸ்ட் 14, சனி

மதினியிடம் சொல்லப் பார்த்தேன். நீங்கள்தான் சரி, அவர் உங்களைப் புரிந்துகொள்ளத்தான் செய்கிறார், சொல்லை அல்ல, முகத்தை என்றேன். மன்னிப்பும் கேட்டேன். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "சவத்த விடு. நீ படிச்சவ, ஒருநாள் அப்படிச் சொல்லுவ, ஒருநாள் இப்படிச் சொல்லுவ" என்றார். கோபமில்லை. மறுபடி தம்பியோடு பேசத் தொடங்கிவிட்டார், எனக்கு அது போதும்.

இன்னும் சில நாள் இருங்கள், எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்க நினைத்தேன். எதற்கு அவகாசம் என்று கேட்டால் முகத்துக்கு என்றா சொல்ல முடியும்? கேட்கவில்லை. வண்டி வெள்ளிக்கிழமை வருகிறது.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

ஆவணி. வெயில் அடித்தது. அரிசியைக் காயவைத்தேன்.

அவர் முற்றத்தில் நாற்காலியில் கண்மூடி இருந்தார். தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத நிலை. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இமைக்குள் சிவப்பு. எங்கேயோ ஒரு பம்ப்செட் சத்தம், நெருங்கி வருவது போலவும் விலகுவது போலவும். அந்தச் சிவப்புக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பதாகப் பட்டது. கண்ணைத் திறந்தால் கலையும் என்று வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

காலையில் நல்ல நேரத்துக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. வெள்ளை அம்பாசிடர், மதினி ஊர்க்காரர் ஒருவர் ஓட்டி வந்திருந்தார். பெட்டியில் வேட்டிகள், சட்டைகள், தைலம், மாத்திரை, வைத்தியர் சீட்டு. எதை எந்த வேளை கொடுக்க வேண்டும் என்று மதினிக்கு மூன்றுதரம் சொன்னேன். நாலாம் தரம் சொல்ல வாயெடுத்ததும் மதினி கையமர்த்தினார்.

டிரைவரும் நானும் அவரைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். கார் அவருக்குப் பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தடவிப் பார்த்து மேற்படி என்றார். மதினி அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார். என்ஜின் ஓடத் தொடங்கியது. வழியனுப்பும்போது அழக் கூடாது, பயணத்துக்கு ஆகாது என்று காலையிலேயே எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அதோடு, நான் அழுது மதினி மனம் மாறினால் அது நியாயமான முறையும் ஆகாது என்று ஒரு பக்கம் ஓடியது. சாகும்வரை போகாது போலிருக்கிறது இந்தப் புத்தி.

கதவைச் சாத்தப் போனேன். அவருடைய வேட்டி நுனி வெளியே தொங்கியது. குனிந்து அதை எடுத்து உள்ளே செருகினேன். கால் பக்கம் சுருட்டிவிட்டேன். செருப்பில்லாத அந்த வலது பாதம் என் கையில் பட்டது. குளிர்ந்திருந்தது. இனி இதை யார் தேய்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மதினி தேய்ப்பார், என்னைவிட நன்றாகவே தேய்ப்பார், ஆனால் நான் தேய்க்க மாட்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். முகம் என் பிடியை விட்டுப் போய்விட்டது.

சத்தமாக அழுதேன். குனிந்த இடத்திலிருந்து நிமிர முடியவில்லை, முகத்தை மூடிக்கொள்ளக் கை வரவில்லை, கை அவர் பாதத்தைப் பிடித்திருந்தது. நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் இல்லை அங்கே. இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார். என் நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்துக் கையில் கிடைத்த கடிதத்தை வாசிக்கிற மாதிரி ஓர் எழுத்தும் விடாமல் பார்த்தார். பிறகு அவர் முகம் அசையத் தொடங்கியது. வலது பாதி எப்போதும் போல் தொங்கிக் கிடந்தது. இடது புருவம் மெல்ல மேலேறிச் சுருங்கியது. இடது கன்னம் நடுங்கியது. இடது உதட்டோரம் கீழே இறங்கியது. அது என் முகம். அவருடைய பாதி முகத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

மதினி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் அழுது மதினி பார்த்ததில்லை. முன்பக்கம் சாய்ந்து டிரைவரின் தோளைத் தட்டினார்.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க, அண்ணாச்சி. பெட்டிய எறக்கி உள்ள வையுங்க."

என்ஜின் நின்றது. தெரு அமைதியானது. எனக்கு வெட்கமாகி, முந்தானையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனேன். மதினி அவர் மடிக்குமேல் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காத, உலகு. அவன் பாத்துக்கிட்டிருக்காம்லா."